ஏட்டுச்சுவடிப் படப்பதிவும் கணிப்பொறிவழிக் காமிரா இயக்கமும்

1. நுதலிய பொருள்

பனையோலைச் சுவடிகளைக் காமிராவாற் படமெடுத்துக் காக்கும் பணி இந்நாளில் நூலகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் நடைபெற்று வருகின்றது. அப்பணியில் காமிராவின் பொத்தானைக் கையால் அழுத்தாது, மேசைக் கணிப்பொறியில் நிறுவிய மென்பொருள் ஒன்றன் வாயிலாகவே காமிராவை இயக்கும் முறை உண்டு. அம்மென்பொருள் யாது, அதனை எவ்வாறு நிறுவுதல் வேண்டும், நிறுவுங்கால் நேரும் இடர்கள் யாவை, அவற்றை நீக்குமாறு எங்ஙனம் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பொறியியலார்க்குரிய பொருளன்றோ, தமிழாராய்ச்சி இதழில் இதற்கு இடம் யாது என வினவுவாரும் உளராகலாம். அவர்க்கு யாம் கூறும் விடை இது: 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்தபொழுது, ஏடுகளையே கையிற்கொண்டு படித்தனர். ஐயம் எழுந்துழி ஏட்டை வெளிச்சத்திற் சாய்த்தும் திருப்பியும் பார்த்தல் அவர்கட்கு இயன்றது. இன்றைய பட்டமேற்படிப்பு மாணவரோ பலபோழ்தும் ஏட்டைக் காணாது, அதன் படத்தை மட்டுமே கண்டு பாடம் துணிகின்றார். படத்தில் இல்லாத ஒன்றை அவர் எவ்வாற்றானும் காணமாட்டார். ஆகவே, படம் எடுக்கப்பட்ட முறையும் பதிப்புமுறையின் ஒரு கூறாகிவிட்டது. அதனைத் தமிழ் பயில்வார் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

2. பாடமும் படத்தின் தெளிவும்

ஏட்டெழுத்தின் இயல்பை ஈண்டுச் சிறிது நினைவுகூர்தல் தகும். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருப்பினும், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிட்டாரல்லர். அதனால் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஏட்டில் ஒரே வடிவாய் நிற்கும். ரகரமும் நெடிலைக் குறிக்கும் காலும் வேற்றுமையின்றி எழுதப்பட்டமையின், 'தர' என்பதா 'தா' என்பதா என்பதையும் இடம் நோக்கியே துணிதல் வேண்டும். இவை சுவடி பயின்றோர் நன்கறிந்தவை.

ஈண்டு யாம் வலியுறுத்த விரும்புவது பிறிதொன்று. சில ஏடுகளில் அருகிப் புள்ளி காணப்படுகின்றது. அப்புள்ளி எழுத்தாணி முனை பட்ட சிறு குழியே ஆகும். பூச்சி துளைத்த துளையும், ஓலையின் இயற்கை மறுவும், தூசும் அதனையொத்துத் தோன்றும். இவற்றை வேறுபடுத்தி அறிதற்கு வழிகள் உள. பூச்சித் துளை ஓலையை ஊடுருவிச் செல்லுமாதலின், ஏட்டின் மறுபக்கத்தில் அதற்கு நேரான இடத்திலும் காணப்படும். எழுத்தாணிக் குழி அங்ஙனம் ஊடுருவுதல் அரிது. பக்கவாட்டில் தாழ்ந்து வீசும் ஒளியில் குழியின் ஒருபுறம் நிழலும் மறுபுறம் ஒளியும் தோன்றும். மறுவிற்கு அத்தகைய நிழல் இல்லை. எனவே, இரு பக்கங்களும் ஒரே அளவில், ஒரே தெளிவில், இம்மியும் அசைவின்றிப் படமாதல் வேண்டும் என்பது போதரும்.

அசைவின் விளைவை ஒரு கணக்கால் விளக்குவாம். 2 கோடியே 40 இலட்சம் படப்புள்ளிகள் உடைய காமிரா, அகலத்தில் 6000 புள்ளிகளும் உயரத்தில் 4000 புள்ளிகளும் பதிவு செய்யும். 40 செ.மீ. நீளமுள்ள ஓலை ஒன்றை 42 செ.மீ. அகலச் சட்டத்துள் அமைத்துப் படமெடுப்பின், ஒரு செ.மீட்டருக்கு ஏறத்தாழ 143 புள்ளிகளும், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 363 புள்ளிகளும் அமையும். பொதுவாக வேண்டப்படும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவிற்கு இது மேற்பட்டதே. இவ்வளவில் 3 மி.மீ. உயரமுள்ள எழுத்து 43 புள்ளி உயரம் பெறும், அரை மி.மீ. அளவுள்ள எழுத்தாணிக் குழியோ 7 புள்ளி அளவே பெறும். கை பட்டுக் காமிரா சிறிது அசைந்து, படத்தில் அரை மி.மீ. பெயர்ச்சி உண்டாயின், எழுத்தை ஒருவாறு படிக்கலாம். குழியோ மங்கி மறைந்தொழியும். காமிராவின் பின்புறத்துள்ள சிறு திரையில் பார்ப்போர்க்கு அப்படம் நல்ல படமாகவே தோன்றும். பிழை வெளிப்படுவது, சுவடி உரியவரிடம் திரும்பிச் சென்று பன்னாள் கழிந்தபின்னரே ஆம். உலர்ந்து நொறுங்கும் நிலையிலுள்ள ஏட்டை இரண்டாம் முறை அவிழ்த்தல் எப்போதும் இயல்வதன்று.

கணிப்பொறிவழி இயக்கத்தின் பயன் இங்கேதான் உளது. கை காமிராவைத் தீண்டுவதில்லை. படம் எடுக்கும் முன்னரே ஓலையின் உருவம் பெரிய திரையில் நேரடிக் காட்சியாகத் தோன்றும். அதனைப் பன்மடங்கு பெருக்கிக் குவியத்தைச் சரிபார்க்கலாம். எடுத்த படம் சில நொடிகளில் கணிப்பொறிக்கு வந்து சேரும். ஏடு மேசைமேல் இருக்கும்போதே ஐயம் தீர்க்கலாம். வேண்டின் மீண்டும் எடுக்கலாம்.

3. காமிராவும் கணிப்பொறியும் உரையாடுமாறு

காமிராவைக் கம்பியாற் கணிப்பொறியோடு இணைத்தவுடன் இரண்டும் தமக்குள் ஒரு பொதுமொழியிற் பேசுகின்றன எனலாம். படமாற்ற நெறிமுறை எனப்படும் அதனைச் சுருக்கமாகப் பி.டி.பி. என வழங்குவர். அமெரிக்கத் தொழிற்சங்கம் ஒன்றன் தரமாக 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அது, 2005ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 15740 என்னும் எண்ணுடன் உலகத் தரமாயிற்று.

இந்நெறிமுறையில் இரு பகுதிகள் உள. எல்லாக் காமிராக்களுக்கும் பொதுவாய கட்டளைகள் ஒரு பகுதி. அவரவர் காமிராவிற்கென நிறுவனங்கள் சேர்த்துக்கொண்ட தனிக்கட்டளைகள் மற்றொரு பகுதி. படத்தைப் பெயர்த்தெழுதுதல் பொதுப்பகுதியில் அடங்கும். நேரடிக் காட்சி, குவியம் நகர்த்தல் போன்றன பெரும்பாலும் தனிப்பகுதியைச் சார்ந்தன. இவ்வேறுபாடே பின்வரும் இடர் பலவற்றிற்கும் காரணமாகும். கம்பியில் இணைத்தவுடன் படங்களைக் கணிப்பொறி காட்டுகின்றது என்பதனால், அக்காமிராவை அங்கிருந்து இயக்கவும் இயலும் என்று கொள்ளலாகாது. விலை குறைந்த சிறு காமிராக்கள் பலவற்றில் படம் பெயர்த்தல் இயலும், இயக்கம் இயலாது. ஆதலின் காமிரா வாங்குமுன்னரே, கருதிய மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அக்காமிராவின் மாதிரிப் பெயர் உளதா எனக் காண்டல் முதற்கடனாகும்.

4. மென்பொருள் வகை

இம்மென்பொருள்களை இரு வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, காமிரா நிறுவனங்களே வழங்குவன. கேனன் நிறுவனத்தின் 'ஈ.ஓ.எஸ். யுடிலிட்டி', நிக்கான் நிறுவனத்தின் 'என்.எக்ஸ். டெதர்', சோனி நிறுவனத்தின் 'இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப்' என்பன இவ்வகையின. இவை விலையின்றிக் கிடைப்பன. விண்டோஸ், மேக் என்னும் இருவகைக் கணிப்பொறிகளிலும் இயங்குவன. ஆயினும் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பிறிதொரு நிறுவனத்தின் காமிராவை இயக்காது. பழைய காமிராக்களுக்குப் புதிய பதிப்புகளில் ஆதரவு நீக்கப்படுதலும் உண்டு.

இரண்டாவது, மூலநிரல் யாவர்க்கும் திறந்துவைக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். விண்டோஸில் இயங்கும் 'டிஜிகேம்கண்ட்ரோல்' நிக்கான் காமிராக்களையும் கேனன் காமிராக்களையும் இயக்கும். லினக்ஸில் 'என்டாங்கிள்' என்பதும், 'டார்க்டேபிள்' என்னும் படச்செம்மை மென்பொருளின் ஒரு பகுதியும் இப்பணி செய்வன. இவ்விரண்டிற்கும் அடிப்படையாவது 'லிப்ஜிபோட்டோ2' என்னும் நிரல்தொகுதி. பல நிறுவனங்களின் காமிராக்களை அது ஒருசேர அறிந்துகொள்ளும். பொருள்வளம் குறைந்த துறைகளுக்கும் பழைய கணிப்பொறி உடையார்க்கும் இவ்வகை பெரிதும் ஏற்றது.

5. நிறுவும் முறை

விண்டோஸ் கணிப்பொறியில் நிறுவுதலை முதன்மையாகக் கொண்டு வரிசைமுறையிற் கூறுவாம். பிறவற்றுக்கும் இவ்வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

முதலாவதாக, கணிப்பொறியின் இயக்க அமைப்பு எப்பதிப்பினது என்றும், காமிராவின் மாதிரிப் பெயர் யாதென்றும் குறித்துக்கொள்க. இவ்விரண்டிற்கும் பொருந்தும் மென்பொருட் பதிப்பையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மென்பொருளை உரிய நிறுவனத்தின் அல்லது அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்க. பிறர் தளங்களில் உள்ளவற்றோடு வேண்டாத நிரல்களும் உடன்வருதல் உண்டு. சில நிறுவனங்கள் காமிராவின் வரிசை எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் காமிராவின் அடிப்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவதாக, நிறுவி முடியுந்துணையும் காமிராவை இணைக்காதிருத்தல் நன்று. முன்னரே இணைப்பின், கணிப்பொறி தன்னிடமுள்ள பொது இயக்கியைக் காமிராவிற்கு அமைத்துக்கொள்ளும். பின்னர் மென்பொருள் காமிராவைக் காணாது திகைத்தல் கூடும். நிறுவுதற்குக் கணிப்பொறியின் நிருவாகி உரிமை வேண்டும். பல்கலைக்கழகக் கணிப்பொறிகளில் இவ்வுரிமை மாணவர்க்கு இராது. துறையின் கணிப்பொறிப் பொறுப்பாளரை முன்னரே அணுகுக. நிறுவியபின் கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தி மீளத் தொடங்குதல் வேண்டும்.

நான்காவதாக, காமிராவின் அமைப்புகளைச் சீர்செய்க. தானே அணைந்துபோகும் அமைப்பை நீக்குக. சோனி காமிராவாயின், யு.எஸ்.பி. இணைப்பு என்னுமிடத்தில் கணிப்பொறிவழி இயக்கத்தைத் தெரிவு செய்க. சில காமிராக்களில் வை-பை இயங்குங்கால் கம்பிவழி இணைப்பு இயங்காது, அதனையும் நிறுத்துக. பல மணிநேரப் பணிக்கு மின்கலம் போதாது; நேர்மின் இணைப்பான் ஒன்று இருத்தல் நலம்.

ஐந்தாவதாக, காமிராவைக் கம்பியால் நேரே கணிப்பொறியோடு இணைத்து, அதன்பின் காமிராவை இயக்கி, மென்பொருளைத் திறக்க. காமிராவின் பெயர் திரையில் தோன்றுமாயின் நிறுவுதல் முற்றியதாம்.

ஆறாவதாக, எடுக்கும் படம் எங்கே சேர்தல் வேண்டும் என்பதை மென்பொருளின் விருப்ப அமைப்பில் வரையறுக்க. கணிப்பொறியில் மட்டும், காமிராவின் நினைவட்டையில் மட்டும், இரண்டிலும் என இதற்கு வழிகள் உண்டு. இரண்டிலும் சேருமாறு அமைத்தலே தக்கது. கம்பி இடையில் கழன்றாலும், கணிப்பொறி நின்றாலும், ஏட்டின் படம் அட்டையிலேனும் எஞ்சும்.

6. இடர்களும் நீக்கும் வழிகளும்

காமிரா இணைக்கப்பட்டும் மென்பொருள் அதனைக் காணவில்லை என்பதே பெரும்பான்மையாக நேரும் இடர். அதற்குக் காரணங்கள் நான்கு.

ஒன்று, வேறு நிரல் ஒன்று காமிராவை முன்னரே பற்றிக்கொண்டிருத்தல். காமிரா ஒரு நேரத்தில் ஒரு நிரலோடு மட்டுமே உரையாடும். லினக்ஸில் கோப்பு மேலாளர் காமிராவைக் கண்டவுடன் ஒரு வட்டுப்போல ஏற்றிக்கொள்ளும். அதனை இறக்கிவிட்டால் இயக்கும் மென்பொருட்கு வழி திறக்கும். மேக் கணிப்பொறியிற் படங்களை இறக்கும் நிரல் தானே தொடங்குதல் உண்டு. அதனை மூடுதல் வேண்டும். விண்டோஸில் இரண்டு காமிரா மென்பொருள்களை ஒருங்கே திறந்து வைத்தலும் இத்தகைய தடையை விளைக்கும்.

இரண்டு, இயக்கி மாறுபாடு. லிப்ஜிபோட்டோ2 வழி இயங்கும் மென்பொருளை விண்டோஸில் பயன்படுத்த வேண்டுமாயின், காமிராவின் இயக்கியை 'ஜாடிக்' என்னும் துணைநிரலால் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றியபின் நிறுவனத்தார் மென்பொருள் அக்காமிராவைக் காணாது. ஒரு கணிப்பொறியில் இவ்விரு வகையுள் ஒன்றனையே கொள்ளுதல் குழப்பம் தவிர்க்கும்.

மூன்று, கம்பி. யு.எஸ்.பி. 2.0 முறையில் ஒரு கம்பியின் நீளம் 5 மீட்டருக்கு மேற்படலாகாது. மின்னூட்டத்திற்கு மட்டும் பயன்படும் கம்பிகளும் உள. அவற்றில் செய்தி செல்லாது. பல கருவிகளைச் சேர்க்கும் இடைப்பெட்டி வழியாக இணைப்பதும் தடை விளைக்கலாம்.

நான்கு, கணிப்பொறியின் உறக்க அமைப்பு. சிறிது நேரம் தொடாதிருப்பின் கணிப்பொறி உறங்கச் செல்லும். அதனோடு இணைப்பும் அறும். பணி நாளில் அவ்வமைப்பை நீக்கிவைக்க.

7. படமெடுக்கும் அமைதி

மென்பொருள் நிறுவப்பட்டமையான் மட்டும் நல்ல படம் அமைந்துவிடாது. காமிரா நேர்கீழ் நோக்க ஓர் உறுதியான தாங்கியில் நிற்றல் வேண்டும். வெளிச்ச அளவு, வெண்மைச் சமன், குவியம் ஆகிய மூன்றையும் தானியங்கு முறையினின்று நீக்கிக் கையால் அமைத்து, ஒரு சுவடி முடியுங்காறும் மாற்றாதிருத்தல் வேண்டும். தானியங்கு முறையில் விடின், கரிய ஏட்டிற்கு ஓர் ஒளியளவும் வெளிறிய ஏட்டிற்கு வேறோர் ஒளியளவும் அமைந்து, ஏடுகளின் நிறவேறுபாடு படத்தில் மறைந்துபோம். ஒரு சுவடியுள் வேறு சுவடியின் ஏடு கலந்திருத்தலை அறிதற்கு அந்நிறவேறுபாடு சிலபோது உதவும்.

ஒளியுணர்வு 100, துவார அளவு எப்/8 என்பன பெரும்பாலும் பொருந்தும். ஓலை சிறிது வளைந்திருப்பினும் எப்/8 அளவில் முழுதும் தெளிவுபெறும். வளைவை நீக்குவான் கருதி உலர்ந்த ஏட்டைக் கண்ணாடியால் அழுத்துதல் கூடாது, முறியும். ஷட்டர் கால் நொடி திறந்திருப்பினும் கை படாமையின் தீங்கில்லை. இருபுறமும் 45 பாகைச் சாய்வில் இரு விளக்குகள் அமைக்க. மையிடாத ஏடாயின், ஒரு விளக்கை மட்டும் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்து வேறொரு படமும் எடுக்க. அவ்விளக்கை நகர்த்துந்தோறும் எழுத்துக் கீற்றுகள் தோன்றுதலையும் மறைதலையும் நேரடிக் காட்சியிற் கண்டு, தக்க நிலையில் நிறுத்தலாம். காமிராவின் சிறு திரையை நம்பி இதனைச் செய்தல் அரிது. அளவுகோலும் நிறவட்டையும் ஒவ்வொரு படத்திலும் இடம்பெறுக.

42 செ.மீ. அகலச் சட்டத்தின் உயரம் 28 செ.மீ. ஆகும். 3.5 செ.மீ. அகலமுள்ள ஓலைகள் ஆறினை ஒரு செ.மீ. இடைவெளியுடன் அடுக்கின் 26 செ.மீ. ஆகும், ஆறும் ஒரு படத்துள் அடங்கும். அளவுகோலும் நிறவட்டையும் சிறியனவாயின் எஞ்சிய இடத்தில் அமையும். தெளிவும் குறையாது. 200 ஏடுகளுள்ள சுவடிக்கு ஏட்டுக்கொரு படமாயின் இரு பக்கமும் சேர 400 படங்கள் வேண்டும். ஆறாறாக எடுப்பின் 68 படங்கள் போதும். காலமும் இடமும் மிகுதியும் குறையும். ஆயினும் ஆறனையும் திருப்புங்கால் வரிசை பிறழ்தல் எளிது. ஏட்டெண் இல்லாத சுவடியிலும், எண் சிதைந்த சுவடியிலும் அப்பிறழ்ச்சி நூலின் வரிசையையே கெடுத்துவிடும். அத்தகைய சுவடிகளுக்கு ஏட்டுக்கொரு படமே எம் பரிந்துரையாகும்.

8. பெயரிடலும் காத்தலும்

மென்பொருளில் படக்கோப்பின் பெயரை முன்னரே வரையறுத்தல் இயலும். சுவடி எண், ஏட்டெண், பக்கம் என்னும் மூன்றும் பெயரில் அமைக. ஏட்டெண்ணை 0001, 0002 என நான்கிலக்கமாக எழுதுக. 1, 2, 10 என எழுதின், வரிசைப்படுத்துங்கால் சில நிரல்கள் 10ஐ 2க்கு முன் வைக்கும். முன்பக்கத்தை 1 என்றும் பின்பக்கத்தை 2 என்றும் குறிக்கலாம். ஏட்டிலுள்ள தமிழெண் இவ்வரிசை எண்ணோடு மாறுபடுமாயின் படத்தின் பெயரை மாற்றாது, மாறுபாட்டைத் தனிப் பட்டியலிற் குறிக்க.

காமிரா பதிவு செய்த முதற்படிவத்தையே ரா கோப்பாகக் காக்க. சுருக்கிய ஜேபெக் படம் படிப்பதற்குப் போதும், காப்பதற்குப் போதாது. ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 30 மெகாபைட்டு எனக் கொள்ளின், 400 படங்களுக்கு 12 ஜிகாபைட்டு இடம் வேண்டும். வெவ்வேறு இடங்களில் மூன்று படிகள் வைக்க. ஒவ்வொரு கோப்பிற்கும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் ஒரு சரிபார்ப்பு எண் கணித்து வைப்பின், பின்னாளில் கோப்பு சிறிதேனும் சிதைந்துளதா என அறியலாம். ஒரு துணுக்கு மாறினும் அவ்வெண் வேறாகிவிடும்.

9. முடிபு

மேற்கூறியவற்றால், கணிப்பொறிவழிக் காமிரா இயக்கம் காமிராவைக் கை தீண்டாமற் காத்தலும், ஏடு முன்னிருக்கும்போதே படத்தைச் சரிபார்த்தலும், ஒரே அமைதியில் சுவடி முழுவதையும் பதிதலும் ஆகிய மூன்று பயன்களைத் தருகின்றது என்பது பெறப்படும். எழுத்தைப் படித்துத் தருதல் அம்மென்பொருளின் தொழிலன்று. 'எரி'யா 'ஏரி'யா என்பதைப் புலவனே துணிதல் வேண்டும். ஆனால் அத்துணிவிற்குரிய சான்று படத்தில் எஞ்சியிருத்தல், காமிராவின் முன் அமர்ந்தவரின் கருத்தைப் பொறுத்தது. ஏட்டெழுத்து அறியாதார் படமெடுப்பின், மங்கிய புள்ளி ஒன்று விடுபட்டதை அவர் உணரார். ஏட்டெழுத்து அறிந்தாரோ திரையில் அதனைக் கண்டவுடன் விளக்கைத் தாழ்த்தி மீண்டும் எடுப்பர்.

ஆகவே, தமிழ்த்துறைகளுக்கு யாம் இரண்டு பரிந்துரைக்கின்றோம். சுவடியியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் இம்மென்பொருளை ஒருமுறையேனும் தம் கையால் நிறுவி, ஒரு சிறு சுவடியையேனும் படமெடுத்துப் பழகுதல் வேண்டும். படத்தைக் கொண்டு பதிப்பிப்போர், தாம் கண்டது ஏடா படமா என்பதையும், படமாயின் அது எவ்வளவில், எத்தகைய ஒளியில் எடுக்கப்பட்டது என்பதையும் பதிப்புரையிற் கூறுதல் வேண்டும். பிரதிகளின் பெயரைச் சுட்டுதல் எவ்வாறு பதிப்பாசிரியர் கடனாயிற்றோ, அவ்வாறே இதுவும் கடனாம். ஒருவர் கொண்ட பாடத்தை மற்றொருவர் மீண்டும் சோதித்தற்கு அப்பொழுதே வழி பிறக்கும்.